ஓர்வா இல்லாத மூன்றாம் பாகம்

வீடியோ கேம் விமர்சனம் எழுத வந்திருக்கும் புதியவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரும்படி நம் தளத்தின் ஆசிரியர் கேட்டார். "அண்ணே, சாதிச்சதை எழுத வேணாம். சொதப்புனதை எழுதுங்க. அதுதான் நீளமா வரும்" என்றார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சிவகங்கையில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருந்தவர். வக்கீல்களின் மனுக்களை அடித்து அடித்து, ஒரு வாக்கியத்தின் எந்த மூலையில் பொய் ஒண்டியிருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் மூக்கு அவருக்கு வாய்த்துவிட்டது. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

நான் ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவன். காரணம் வலது கட்டை விரல். காரைக்குடியில் எலும்பு டாக்டர் விரலை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்க்குறீக?" என்றார். "வீடியோ கேம் விளையாடுறேன் டாக்டர்." "அது சரி. வேலை?" என்றார். எங்கள் வீட்டில் எல்லோரும் மரவேலைக்காரர்கள். அண்ணனுக்கு விரல் போனால் ஊரே வந்து விசாரிக்கும். எனக்குப் போனபோது, "இனியாவது வெளிய வருவான்" என்றார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு விமர்சகனும் ஒரு நாள் எழுதியே தீர வேண்டிய கட்டுரை ஒன்று உண்டு: மூன்று பாகமாக வந்த ஒரு விளையாட்டில் எந்தப் பாகம் சிறந்தது? மூன்றாவது வெளிவந்த வாரத்தில் எழுதிவிட வேண்டும். வாசகர்கள் பதிலைத் தெரிந்துகொள்ள வருவதில்லை. பதில் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் முட்டாளா இல்லையா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். நான் அவர்களை ஏமாற்றவில்லை.

அந்த விளையாட்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எதிர்கால விண்வெளிக் கதை. நீங்கள் ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன். கேப்டனுக்குப் பெயர் வைப்பதும் நீங்கள்தான். அவர் பேசுவது, முடிவெடுப்பது, பிறகு அதற்காக வருந்துவது எல்லாம் உங்கள் பொறுப்பு. முதல் பாகத்தில் எடுத்த முடிவு மூன்றாம் பாகம் வரை உங்களைத் துரத்திக்கொண்டு வரும் என்பதுதான் அதன் பெருமை. நான் என் கேப்டனுக்குக் கருப்பையா என்று பெயர் வைத்தேன். அண்டவெளியில் நம்மூர் ஆள் ஒருத்தர் இருக்கட்டுமே.

முதல் பாகம், உள்ளதைச் சொன்னால், ஒரு கோணல் பிறவி. துப்பாக்கியால் சுட்டால் குண்டு எங்கே போகிறது என்று சுட்டவனுக்கே தெரியாது. சாமான் பையைத் திறந்தால் முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய பொருள் கடைக்குள் போனது மாதிரி இருக்கும். தேடுவது மட்டும் கிடைக்காது. ஆனால் அதில் மனிதர்கள் பேசினார்கள். வேலை இல்லாமல் பேசினார்கள். கதைக்குத் தேவையே இல்லாமல் ஒரு சமையல்காரன் கால் மணி நேரம் தன் மச்சினனைத் திட்டுவான், கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

கப்பலின் எஞ்சின் அறையில் ஓர்வா என்று ஒருத்தி. ஒற்றைக் கை மெக்கானிக். வாயைத் திறந்தால் வசவு. ஒரு சுரங்க நிலவு இடிந்து விழும் நேரத்தில், எரிபொருள் கலத்தை எடுப்பதா, ஓர்வாவைத் தூக்குவதா என்று எட்டு விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். கருப்பையா ஓர்வாவைத் தூக்கினார். அதற்கப்புறம் கப்பல் எரிபொருள் இல்லாமல் நெடுநாள் மிதந்தது. மிதந்த அத்தனை நாளும் அவள் திட்டினாள்.

இரண்டாம் பாகத்தில் எல்லாவற்றையும் செப்பனிட்டார்கள். குண்டு குறி பார்த்துப் போனது. பழைய பொருள் கடையைக் காலிசெய்தார்கள். கப்பல் பறிபோய், வளைய வடிவில் ஒரு விண்நிலையத்தில் சிறை. ஆள் சேர்த்துத் தப்பிக்க வேண்டும். கச்சிதமான கதை. கச்சிதமாக இருந்ததால் மச்சினனைத் திட்ட யாருக்கும் நேரமில்லை. ஓர்வா மட்டும் ஒற்றைக் கையால் சாவி ராவியபடி அந்தக் குறையைத் தீர்த்துவைத்தாள்.

மூன்றாம் பாகம் போர். கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவில் இருக்கும் அறைகளில் பாதிக்குப் பூட்டு. மூன்றாம் பாகம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. எங்கே பார்த்தாலும் பிரம்மாண்டம், எந்தக் கதவைத் தட்டினாலும் ஆளில்லை. ஒரே ஒரு ஆறுதல், முதல் தடவையாகத் திரையில் வசனங்கள் தமிழில் வந்தன. கம்பெனி சோதனை முயற்சியாகச் செய்திருந்தது.

ஆனால் ஓர்வாவைக் காணோம். எஞ்சின் அறையில் அவள் நின்ற இடத்தில் யாரோ ஒருவன் நின்றான். பெயர்கூடக் கிடையாது. நான் நாற்பது மணி நேரம் விளையாடி முடித்தேன்; அவள் வரவே இல்லை. பிறகு ஒரு வெளிநாட்டுக்காரர் ஆங்கிலத்தில் விளையாடிப் போட்டிருந்த வீடியோவைப் பார்த்தால், ஓர்வா அதே எஞ்சின் அறையில் நின்று அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறாள்!

என் துப்பறியும் மூளை விழித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. ஆகவே தமிழில் வெட்டிவிட்டார்கள். இப்படி எழுதினேன்: "தமிழ் வடிவத்தில் ஓர்வாவின் காட்சிகள் அடியோடு வெட்டப்பட்டிருக்கின்றன. அவளுடைய வசவுகளை மொழிபெயர்க்கும் அளவுக்குப் பொறுப்பானவர்களுக்கு உழைப்பும் இல்லை, தமிழும் இல்லை." கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். இளையவர்களே, எழுதியதை நீங்களே ரசிக்கிறீர்கள் என்றால் அங்கே ஏதோ தப்பு இருக்கிறது. நிறுத்திப் பாருங்கள்.

ஆசிரியர் போனில் கேட்டார். அன்று ஒரு கல்யாண வீட்டில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம்.

"அண்ணே, வெட்டிட்டாகன்னு எப்படித் தெரியும்?"

"அங்குட்டு இருக்கு, இங்குட்டு இல்ல. வேற என்ன தம்பி?"

"செஞ்சவுககிட்டக் கேட்டீகளா?"

"கேட்டா மட்டும் ஒத்துக்குவாகளா?"

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. "சரி, போடுங்க" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக அவர் இன்றுவரை தன்னைத் திட்டிக்கொள்கிறார். என்னைத் திட்டுவது தனிக் கணக்கு.

கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. முதல் பாகம் முதலிடம், இரண்டாவது இரண்டாமிடம், மூன்றாவது கடைசி. வாசகர்கள் என் கடைசி வாக்கியத்தைப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள். தமிழுக்காகப் பொங்குவதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நம்மவர்கள் விடுவார்களா?

புதன்கிழமை காலை என் மனைவி வந்து, "என்னங்க, உங்களைத் தேடி ஒரு டீச்சர் வந்திருக்காக" என்றாள்.

"டீச்சர்னு எப்படித் தெரியும்?"

"கோவமா வந்திருக்காக. ஆனா செருப்பை நேரா அடுக்கி விட்டிருக்காக."

டீச்சர் இல்லை. அமராவதிபுதூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைத் தமிழாக்கும் வேலையில் பல வருடம் இருந்தவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், மூணாவது பாகத்துக்குத் தமிழ் எழுதுனது நாந்தான். கூட ரெண்டு பேரு. ஓர்வாவுக்கு மட்டுமே ரெண்டு மாசம் உக்காந்து எழுதிருக்கேன். அவளை வெட்டிட்டோம்னு எழுதிருக்கீக. எங்க வெட்டுனோம், காட்டுங்க."

எனக்குள் இருந்த விமர்சகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கம்ப்யூட்டரைத் திறந்து எஞ்சின் அறைக்குப் போய், பெயரில்லாத அந்த ஆளைக் காட்டினேன். "பாருங்கம்மா. இவன் நிக்கிறான். ஓர்வா எங்க?"

அவர் அவனைப் பார்க்கவில்லை. "உங்க கேப்டன் பேரு என்ன சார்?"

"கருப்பையா."

"சேவ் பட்டியலைத் திறங்க."

திறந்தேன். நான் சேமித்து வைத்திருந்த ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர்: கேப்டன் ரென். ரென் யார் என்று எனக்குத் தெரியாது. நாற்பது மணி நேரம் அவராக வாழ்ந்திருக்கிறேன்.

வாசலோரம் நின்ற என் மனைவி கேட்டாள்: "இத்தனை நேரம் வேற ஒருத்தரா இருந்திருக்கீக, அதுகூடத் தெரியலையா?"

"எல்லாரும் கேப்டன், கேப்டன்னுதானே கூப்பிட்டாக!" என்றேன். என் தரப்பில் சொல்ல அதைவிட வலுவான வாதம் இன்றுவரை அகப்படவில்லை.

அந்த அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். கோபம் போய், ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற நிதானம் வந்துவிட்டது. "ஆட்டம் தொடங்கையில முதல் திரையில ஒரு கேள்வி வரும் சார். முந்தைய பயணத்தைத் தொடர்கிறீர்களா, புதிதாகத் தொடங்குகிறீர்களான்னு. அதைப் படிச்சீகளா?"

இந்தத் தொழிலில் எவனும் முதல் திரையைப் படிப்பதில்லை. கம்பெனி முத்திரை, எச்சரிக்கை, ஒப்பந்தம், எல்லாவற்றையும் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போவோம். இருபது வருடப் பழக்கம். அந்தக் கேள்வியையும் தள்ளியிருக்கிறேன். பழைய இரண்டு பாகங்களின் சேவ் அதே கம்ப்யூட்டரில் தூங்கிக்கொண்டிருக்க, நான் யாரென்றே தெரியாத புது ஆளாக உள்ளே போயிருக்கிறேன்.

"புதுசாத் தொடங்குனா, கேப்டன் அன்னைக்கு எரிபொருளைத்தான் எடுத்தாருன்னு அது வச்சுக்கிடும்" என்றார். "ஓர்வா அந்த நிலவுலயே செத்துருவா. நாங்க வெட்டல சார். நீங்கதான் கொன்னுட்டீக."

பூட்டிய அறைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேனே, சாவிக்கொத்தை வாசலில் எறிந்துவிட்டுப் போனவன் நான்தான்.

அதற்குப் பிறகுதான் அவர் தன் போனை எடுத்து ஒரு கடிதத்தைக் காட்டினார். யாரோ ஒரு வாசகர், தமிழ்ப் பற்றில், என் வரிகளை ஆங்கிலத்தில் மாற்றிக் கம்பெனிக்கே அனுப்பிவிட்டார். கம்பெனி விளக்கம் கேட்டிருந்தது. அடுத்த விளையாட்டுக்குத் தமிழ் வேண்டுமா, இந்தக் குழு வேண்டுமா என்பதை வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்களாம். "நான் விளக்கம் எழுதுனா, தப்புப் பண்ணுனவ சாக்குச் சொல்லுறான்னு நினைப்பாக. எங்கள்ல ஒருத்தி இருந்த வேலையை விட்டுட்டு இதுக்கு வந்தவ."

"ரெண்டே நிமிஷம்மா" என்று பாய்ந்தேன். "அந்த வரியை இப்பவே எடுத்துர்றேன். இருந்த தடமே தெரியாது."

இணையத்தில் எழுதுகிறவர்களுக்கு இருக்கும் பெரிய சபலம் இது. அச்சில் வந்த தப்பை அழிக்க முடியாது. நாமோ ஒரு விரல் சொடுக்கில் உத்தமர்களாகிவிடலாம்.

"எடுக்காதீக!" என்றார். "படம் பிடிச்சு அவுககிட்ட இருக்கு. இப்ப அதைக் காணோம்னா, நான் வந்து மிரட்டி அழிக்க வச்சேன்னுதான் ஆகும்."

நான் யோசிக்காதது. ஆசிரியரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். "எங்க தப்புப் பண்ணுனோமோ அங்கயே, அதே எழுத்து அளவுல திருத்தம் வரணும்ணே. பழைய வரி அப்படியே கிடக்கட்டும். வாசிங்க, நான் கேக்குறேன்" என்றார்.

எழுதி வாசித்தேன்: "சில தொழில்நுட்பக் காரணங்களால்..."

"என்ன தொழில்நுட்பம்? கட்டை விரலா?"

மாற்றினேன்: "ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது."

"யாருக்கு ஏற்பட்டுச்சு? மழை பெஞ்ச மாதிரில்ல சொல்லுறீக!"

மூன்றாவது தடவை: "நான் முதல் திரையைப் படிக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. வெட்டியதாக எழுதியது பொய்."

"ம். இது வாக்கியம்" என்றார்.

குற்ற உணர்ச்சி ஒரு மோசமான எழுத்தாளன். அவன் என் தோளில் ஏறி உட்கார்ந்து மேலும் எழுதச் சொன்னான்: மூன்றாம் பாகமே தலைசிறந்தது, தமிழ் வசனங்கள் அற்புதம், இத்யாதி. அதையும் உற்சாகமாக வாசித்தேன். அந்த அம்மா கையை உயர்த்தித் தடுத்தார்.

"அது வேணாம் சார். விளையாடாமத் திட்டுனீக. விளையாடாமப் பாராட்டாதீக."

இளையவர்களே, இருபது வருடத்தில் இந்தத் தொழில் பற்றி நான் கேட்ட புத்திசாலித்தனமான பேச்சு அதுதான். அதைச் சொன்னவருக்கோ அந்தப் பாராட்டு வெள்ளிக்கிழமைக்குள் கட்டாயம் தேவைப்பட்டது.

அப்படியானால் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். தெரிந்துகொள்வதற்காக, அவர் பக்கத்தில் இருக்க, ஆட்டத்தை மறுபடி தொடங்கினேன். முதல் திரை வந்தது. படித்தேன். நல்ல தமிழில், சந்தேகத்துக்கே இடமில்லாமல் கேட்டிருந்தது. முந்தைய பயணத்தைத் தொடர்ந்தேன். அரை மணி நேரத்தில் எஞ்சின் அறை. கதவு திறந்தது.

ஓர்வா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பாமலே பேசினாள். கீழே தமிழ் ஓடியது: "வந்துட்டீகளா? எரிபொருளைப் போட்டுட்டு என்னையத் தூக்கிட்டு வந்த மகராசன்! தூக்குனீகளே, ஒரு வார்த்தை கேட்டீகளா? கலத்தை எடுத்திருந்தா இந்நேரம் நாலு ஊரு தாண்டியிருக்கலாம்."

"அவ சொல்லுறது நியாயந்தானே" என்றாள் என் மனைவி.

நான் சிரித்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேலையை முதல் ஆள் படிக்கும்போது எல்லோரும் பார்க்கிற பார்வை. நானும் பலரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலையே திருத்தம் வந்தது. நாற்பது மணி நேரம் கேப்டன் ரென்னாகத் திரிந்ததை ஒப்புக்கொண்டு, தமிழில் ஓர்வா இருக்கிறாள், அரை மணி நேரம் பார்த்தேன், சிரித்தேன் என்று எழுதினேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனவே மூன்றாம் பாகத்துக்குக் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதினேன். தலைப்பு மட்டும் மாறாமல் "மூன்றில் எது சிறந்தது?" என்றே இருந்தது, கீழே இரண்டு பாகங்களை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டு. ஆசிரியர் அதை மாற்ற மறுத்துவிட்டார். "பல்லு விழுந்த இடம் தெரியட்டும்ணே" என்றார்.

வாசகர்கள் மூன்று வாரம் என்னை வைத்து விளையாடினார்கள். செக்காலை ரோட்டில் டீ குடிக்கப் போனால், முன்பின் தெரியாத ஒருவர், "என்ன ரென், சௌக்கியமா?" என்கிறார். பொறுத்துக்கொண்டேன். அந்த முதல் வாரம் நான் எண்ணிக்கொண்டிருந்தது வெள்ளிக்கிழமையை.

வெள்ளி போனது. போன் வரவில்லை. சனி போனது. நானே கூப்பிடலாமா என்று நாலு தடவை எடுத்து வைத்தேன். கூப்பிட்டு என்ன கேட்பது? வேலை போய்விட்டதா என்றா? ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பாகத்தைக் கருப்பையாவாக விளையாட உட்கார்ந்தேன், மனசு ஒட்டவில்லை. ஓர்வா திட்டியதில் பாதி எனக்கே சொன்னது போல இருந்தது.

திங்கட்கிழமை காலை அவரே கூப்பிட்டார்.

"தமிழ் தொடருது சார். நாங்க மூணு பேருமே இருக்கோம்."

நாற்காலியில் சாய்ந்தேன். "நல்லதும்மா. ரொம்ப நல்லது. நான் எழுதுன திருத்தம்..."

"அதைப் படிச்சாக. அதுனாலதான். ஆனா இன்னொண்ணும் முடிவு பண்ணிருக்காக." குரலில் ஒரு சங்கடம், சங்கடத்துக்குக் கீழே சிரிப்பு. "இத்தனை வருசம் விளையாடுற ஒருத்தரே முதல் திரையைப் படிக்கலைன்னா மத்தவுக எப்படிப் படிப்பாகன்னு யோசிச்சிருக்காக. இனிமே அந்தத் திரையைத் தள்ள முடியாது. பத்து விநாடி அப்படியே நிக்கும். எல்லா மொழியிலயும்."

அப்படித்தான் ஆயிற்று. அடுத்த விளையாட்டு வந்தபோது, உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் அந்தப் பத்து விநாடியைச் சபித்தார்கள். எந்த மடையனுக்காக இதை வைத்தார்கள் என்று பல மொழிகளில் கேட்டார்கள். காரைக்குடியில் கழனிவாசல் பக்கம் விசாரித்திருந்தால் வீட்டையே காட்டியிருப்பார்கள்.

நானும் அந்தத் திரைக்கு முன்னால் பத்து விநாடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு வழியில்லாததால் படித்தேன். ஆங்கிலத்தில், உங்கள் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரே வரி. தமிழில் மட்டும் அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், இன்னொரு வரி இருந்தது:

"விமர்சகர்களும் இதைப் படிக்கலாம்."